மாதிரிப் புகையிரதம் நின்றால் எங்கே தேடுவது? அனலொக், டிஜிட்டல் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

மேசையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென நிற்கும்போது, அனலொக் பாதையில் அதற்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று ஏறத்தாழ முடிவாகவே சொல்லிவிடலாம். டிஜிட்டல் பாதையில் அப்படிச் சொல்ல முடியாது. மின்சாரம் குறைவின்றி வந்துகொண்டிருக்க, அதனோடு வரவேண்டிய கட்டளை வழியில் சிதைந்திருக்கலாம், அல்லது கட்டளை ஒழுங்காக வந்தும், எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் படித்து மோட்டரை இயக்கும் சிறு மின்சுற்றாகிய டீகோடர் அதைத் தனக்குரியதென ஏற்காமல் இருக்கலாம். மின்சாரம் வருகிறதா, கட்டளை வருகிறதா, டீகோடர் ஏற்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் இந்த ஒழுங்கிலேயே கேட்டால் பெரும்பாலான கோளாறுகள் அரை மணித்தியாலத்துக்குள் பிடிபட்டுவிடும். திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு மேல்மாடி அறையில் இரு முறைகளிலும் ஓடக்கூடிய பாதையொன்றை வைத்துப் பட்ட பாடுகளே கீழே வருவனவற்றின் அடிப்படை.

அனலொக் முறையில் தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ற்று வரையான நேரோட்டம் கொடுக்கப்படுகிறது. வோல்ற்றளவு கூடினால் வேகம் கூடும், நேர்முனையும் எதிர்முனையும் மாறினால் எஞ்சின் திரும்பி ஓடும். டீ.சீ.சீ. எனப்படும் டிஜிட்டல் முறையில், இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீற்றர் அகலமுள்ள பாதைகளில், ஏறத்தாழ 14 அல்லது 15 வோல்ற்று எப்போதும் தண்டவாளத்தில் நிற்கும். அதன் முனைகள் ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறுகின்றன. ஒவ்வொரு அரைச் சுற்றும் 58 மைக்ரோசெக்கன் நீடித்தால் அது 1, 100 மைக்ரோசெக்கனோ அதற்கு மேலோ நீடித்தால் அது 0. இந்த 1களும் 0களும்தான் கட்டளை. ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இம்முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் 1990களில் பொதுத் தரமாக ஏற்றதனால், ஒரு நிறுவனத்தின் கொன்றோலருக்கு வேறொரு நிறுவனத்தின் டீகோடர் கீழ்ப்படிகிறது.

தேடத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. அனலொக் கொன்றோலரையும், கட்டளையோடு கூடிய மின்சாரத்தைத் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் டிஜிட்டல் பூஸ்டரையும் ஒரே தண்டவாளத்தில் ஒருபோதும் சேர்ந்திருக்க விடக்கூடாது. ஒன்றைத் துண்டித்த பின்னரே மற்றது இணையும் வகையில், நடுவில் நிற்கும்போது இரண்டையும் துண்டிக்கும் இருமுனை இருவழி ஆளியொன்றைப் பூட்டுவது கட்டாயம். அருகருகே ஒரு பகுதி அனலொக்காகவும் மறுபகுதி டிஜிட்டலாகவும் இருந்தால், இடைவெளியைக் கடக்கும் எஞ்சினின் சக்கரங்களே இரண்டையும் இணைத்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

கருவிகளாக ஒரு மல்ரிமீற்றர், ஒரு நாணயக் குற்றி, நன்றாக ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த ஓர் எஞ்சின் ஆகிய மூன்றும் போதும். சாதாரண மல்ரிமீற்றரின் ஆடலோட்ட அளவை 50 ஹேட்ஸ் வீட்டு மின்சாரத்துக்கென அமைந்தது. டிஜிட்டல் தண்டவாளத்தில் அது காட்டும் எண்ணைச் சரியான வோல்ற்றளவாகக் கொள்ளாமல், ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்க்கவேண்டும்.

எதுவுமே அசையவில்லை, விளக்கும் எரியவில்லை

முதலில் மின்வழங்கியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள். எங்கள் ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்குரிய பொருட்களிற் பெரும்பகுதி வெளிநாட்டு உறவினர்களின் பெட்டிகளில் வந்து சேர்வது. இங்கிலாந்திலிருந்து வருவது இங்குள்ள 230 வோல்ற்றுக்கு ஒத்துப்போகும். கனடாவிலிருந்து வரும் பழைய அனலொக் கொன்றோலரின் உள்ளே 120 வோல்ற்றுக்குச் சுற்றப்பட்ட நிலைமாற்றி இருக்கும். அதை நேரே சுவரில் செருகினால் சில நிமிடங்களில் கருகிவிடும். ரொறன்ரோவிலிருந்து மச்சான் அனுப்பிய பெட்டியை என் மருமகன் ஆவலில் செருகிவிட்டு, "மாமா, மணக்குது" என்று கூப்பிட்டபோது நான் மாடிப்படியில்தான் இருந்தேன். அவ்வளவுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை உண்மையான டீசல் எஞ்சின்கள் இந்நாட்டுப் பாதைகளில் தலைமுறை தாண்டி ஓடியிருக்கின்றன. கனடா மின்வழங்கிக்கு அந்த ஆயுள் இல்லை. புதிய டிஜிட்டல் தொகுதிகளோடு வரும் மின்வழங்கிகள் பலவற்றில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருக்கும். அவற்றுக்குச் செருகி மாற்றி மட்டும் போதும்.

மின்வழங்கி சரியென்றால், அடுத்து எல்லா எஞ்சின்களையும் பெட்டிகளையும் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டு மீண்டும் மின்சாரம் கொடுங்கள். இப்போது வோல்ற்றளவு வந்தால் எடுத்தவற்றுள் ஒன்றில் குறுஞ்சுற்று இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தால் எதுவென்று தெரியும். எல்லாவற்றையும் எடுத்த பின்பும் வராவிட்டால் தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு வயர்களையும் கழற்றிப் பாருங்கள். வயர் கழன்ற நிலையிலும் பூஸ்டர் குறுஞ்சுற்று என்று காட்டினால் பழுது பூஸ்டரில்; காட்டாவிட்டால் பாதையில். மேசையில் மறந்துவைத்த திருப்புளி தண்டவாளத்தின் குறுக்கே கிடந்து ஒரு மாலையை வீணாக்கியதும் உண்டு.

விளக்கு எரிகிறது, எஞ்சின் மட்டும் நகரவில்லை

அனலொக்கில் இது மோட்டரின் பழுது; கரித்துண்டு தேய்ந்திருக்கும் அல்லது பற்சக்கரம் இறுகியிருக்கும். டிஜிட்டலில் மோட்டரைத் திறக்குமுன் முகவரியை, அதாவது கொன்றோலர் அந்த எஞ்சினை அழைக்கும் எண்ணைப் பாருங்கள். புதிய டீகோடரின் முகவரி 3 ஆகவே இருக்கும். நாம் 569 என்று அழைத்துக்கொண்டிருந்தால் அது திரும்பியும் பாராது.

இதைவிடக் குழப்பமான வகை ஒன்று உண்டு. விளக்கையும் ஒலியையும் அழைத்தால் எஞ்சின் கேட்கிறது, வேகத்தை மட்டும் கேட்பதில்லை. முன்பொருநாள் அந்த எஞ்சினை இன்னொன்றுடன் சேர்த்து இரட்டை எஞ்சினாக ஓட்டியிருப்பீர்கள். அந்தக் கூட்டு முகவரி 19ஆம் சீ.வீ.யில் அழியாமல் இருக்கிறது. சீ.வீ. என்பது டீகோடருக்குள் எண்ணொன்றைப் பதிந்துவைக்கும் இடம். 19ஆவதில் 0 எழுதினால் எஞ்சின் மீண்டும் தன் சொந்த முகவரிக்குக் கட்டுப்படும். விற்றவர் என்ன மாற்றினார் என்று தெரியாத, கைமாறி வந்த எஞ்சினென்றால், 8ஆம் சீ.வீ.யில் 8 என்று எழுதுவது பல டீகோடர்களைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும்.

தட்டுத்தடுமாறி ஓடுகிறது, அடிக்கடி நின்று புறப்படுகிறது

இந்தக் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தொல்லை இதுதான் என்பது என் கணிப்பு. உப்புக் காற்று தண்டவாளத்தில் படிந்து, ஈரத்தை இழுத்து, உலோகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமொன்றை உண்டாக்குகிறது. சக்கரம் அதன்மேல் உருளும்போது எழும் நுண்ணிய தீப்பொறி அதைக் கருக்கி, சக்கரத்திலும் தண்டவாளத்திலும் கறுப்புப் பசையாக ஒட்டவைக்கிறது. நிக்கல் சில்வர் என்ற பெயரில் வெள்ளி இருந்தாலும் அந்தத் தண்டவாளத்தில் வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், நாகம் ஆகியவற்றின் கலப்பே அது. ஆயினும் பழைய பித்தளைத் தண்டவாளத்தைவிட எவ்வளவோ மேல். பித்தளைப் பாதை வைத்திருப்பவர்கள் வாடைக் காலத்தில் நாளுக்கொரு தடவை துடைக்கவேண்டிவரும்.

அனலொக்கும் டிஜிட்டலும் அழுக்கைத் தாங்குவதில் வேறுபடுகின்றன. அனலொக் எஞ்சினுக்கு மின்சாரம் ஒரு கணம் அறுந்தால் மோட்டரின் சுழற்சியே அதை அடுத்த நல்ல இடத்துக்குக் கொண்டுபோய்விடும். பார்ப்பவருக்குச் சிறு நடுக்கமாகத்தான் தெரியும். டிஜிட்டலில் அதே அறுபடுதலால் டீகோடர் தான் எந்த ஓட்டத்தில் இருந்தது என்பதையே மறந்து, அடுத்த கட்டளை வரும்வரை காத்திருந்து, 3ஆம் சீ.வீ.யில் உள்ள மெதுவான வேகமேற்றத்தின்படி முதலிலிருந்து புறப்படும். ஒலி டீகோடராயின் எஞ்சினை முடுக்கும் ஓசையையும் தொடக்கத்திலிருந்து எழுப்பும். இதைக் கண்டு டீகோடர் பழுது என்று தீர்மானித்துப் புதியது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் தண்டவாளத்தில் வெள்ளைத் துணியை இழுத்தால் கரிச்சட்டி துடைத்த துணிபோலக் கறுத்தது.

துடைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மண்தாளால் தேய்த்தால் அன்றைக்கு மின்னும். அதன் கீறல்களுக்குள் அடுத்த கிழமை இரட்டிப்பு அழுக்குச் சேரும். முதலில் உலர்ந்த துணியால் உப்பையும் தூசியையும் எடுத்து, பின்பு துணியில் மிகச் சிறிதளவு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மூன்றாவதாக மீண்டும் உலர்ந்த துணியால் ஒற்றியெடுப்பது எனக்குக் கைகொடுத்த வழி. மின்சாரத்தை நிறுத்தி, சாளரத்தைத் திறந்து, முழுதும் காய்ந்த பின்னரே எஞ்சினை ஓட்டவேண்டும். தீப்பொறி பறக்கும் இடத்தில் மண்ணெண்ணெய் விளையாட்டல்ல. தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரத்தை விட்டுவிட்டால் ஒரு சுற்றுக்குள் அழுக்கு முழுவதும் திரும்ப வந்துவிடும். பல்லி எச்சத்தையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரேயிடத்தில் எப்போதும் நிற்கும் எஞ்சினைத் தேடி மூன்று வயர்களை மாற்றிய பின்னர்தான் நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

துடைத்தும் தடுமாற்றம் போகாவிட்டால், டிஜிட்டலில் இரண்டு இடங்களைப் பாருங்கள். பழைய அனலொக் இணைப்புக் கிளிப்புகள் சிலவற்றில் வானொலி இரைச்சலைத் தடுக்கும் கொள்ளளவி ஒன்று ஒளிந்திருக்கும். நேரோட்டத்துக்கு அது தீங்கற்றது, டிஜிட்டல் கட்டளையின் கூரிய விளிம்புகளை அது மழுக்கிவிடும். அதை வெட்டி எடுத்துவிடவேண்டும். எஞ்சினுக்குள் மோட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே உள்ள அதே வகைக் கொள்ளளவி, மோட்டரின் சுழற்சியை அளந்து வேகத்தைச் சீராக்கும் டீகோடரின் கணக்கைக் குழப்பி, மெதுவான ஓட்டத்தில் எஞ்சினைத் துள்ளவைக்கும்.

கச்சான் வீசும் மத்தியானங்களில் மட்டும் குறுஞ்சுற்று

இதைப் பிடிக்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் சென்றது. வைகாசி தொடங்கிக் கச்சான் வரண்டு வீசும்போது பாதையின் அடிப்பலகையாகிய ஒட்டுப்பலகை ஈரத்தை இழந்து சுருங்குகிறது. அதே நேரத்தில் வெப்பத்தால் தண்டவாளம் சிறிது நீளுகிறது. பகுதிகளைப் பிரிப்பதற்காக நாம் வெட்டிய மயிரிழை இடைவெளிகள் இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டு மூடிக்கொள்கின்றன. இரவில் குளிர்ந்ததும் திறந்துகொள்வதால், காலையில் பரிசோதிப்பவருக்குக் குற்றம் எதுவும் தெரியாது. அனலொக்கில் ஒரு பகுதியை நிறுத்தியும் எஞ்சின் நிற்காமல் அடுத்த பகுதியின் மின்சாரத்தில் ஓடும். டிஜிட்டலில், முனைகள் எதிரெதிராக உள்ள இடமாயின், பூஸ்டர் முழுவதுமே அணைந்துவிடும்.

மின்சாரத்தை நிறுத்தி, இடைவெளியின் இருபுறமும் மல்ரிமீற்றரின் ஊசிகளை வைத்துத் தொடர்ச்சியை அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் அளக்கவேண்டிய நேரம் பிற்பகல் இரண்டு மணி. பரிகாரம் எளிது: இடைவெளிக்குள் மெல்லிய பிளாஸ்ரிக் துண்டைச் செருகி, பசையிட்டு, தண்டவாளத்தின் வடிவத்துக்கு அராவிவிடுங்கள். மாரியில் இதற்கு எதிர்மாறாகப் பலகை ஊதி, தண்டவாளங்களை இணைக்கும் தகடுகள் தளர்ந்து, மின்சாரம் அறுபடும். அந்தத் தகட்டை மின்கடத்தியாக நம்பவே கூடாது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியே வயர் பற்றாசு வைத்துக் கீழிறக்கவேண்டும்.

பாதையின் தொலைவான முனையில் எஞ்சின் சோர்கிறது

நிலையத்தில் துடிப்பாகப் புறப்படும் எஞ்சின் மறுகோடியில் நடைபிணமாக ஊர்ந்தால் வயர் மெலிந்தது என்று பொருள். 0.2 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயர் 5 மீற்றர் தூரம் போய்த் திரும்பும்போது அதன் தடை ஏறத்தாழ 0.86 ஓம், 3 அம்பியர் ஓடினால் 2.6 வோல்ற்று அந்த வயரிலேயே தொலைந்துபோகும். வீட்டு மின்னிணைப்புக்கு வன்பொருட் கடைகளில் 7/0.67 என்று கேட்டால் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் அதே தூரத்துக்கு இழப்பு 0.2 வோல்ற்று அளவே. பிரதான வயராக அதை ஓடவிட்டு, தண்டவாளத்துக்கு ஏறும் குட்டை வயர்களை மட்டும் மெல்லியனவாக வைக்கலாம்.

ஓர் அனலொக் எஞ்சின் 1 அம்பியருக்குக் குறைவாகவே இழுப்பதால் அனலொக்கில் இது வேகக் குறைவோடு போய்விடும். டிஜிட்டலில் இது ஆபத்து. பூஸ்டரால் 5 அம்பியர் தர முடியும். மெல்லிய வயரின் தடை குறுஞ்சுற்றை அந்த அளவுக்கு எட்டவிடாமல் தடுத்தால், பூஸ்டர் அதை நான்கு எஞ்சின்களின் சுமை என்று எண்ணித் தொடர்ந்து மின்சாரம் கொடுக்க, தடம்புரண்ட பெட்டியின் சக்கரம் பிளாஸ்ரிக்கை உருக்கும். ஆகவே ஐந்து ரூபாய்க் குற்றியைப் பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு கணம் வைத்துப் பாருங்கள். வைத்த உடனே பூஸ்டர் அணையவேண்டும். அணையாத இடத்தில் வயரை மாற்றும்வரை எதையும் ஓட்டாதீர்கள்.

பொயின்ற்றில் நிற்கிறது, அல்லது பொயின்ற்றில் ஏறியதும் எல்லாம் அணைகிறது

நிற்பதாயின், பாதை இரண்டாகப் பிரியும் பொயின்ற்றில் தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை பிளாஸ்ரிக்காக இருந்து, குட்டை எஞ்சினின் சக்கரங்கள் அதில் மின்சாரம் இழக்கின்றன. அணைவதாயின், முனை உலோகமாக இருந்து, பொயின்ற் ஒரு பக்கம் திரும்பியிருக்க எஞ்சின் மறுபக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அல்லது சக்கரத்தின் பின்புறம், பொயின்ற்றின் அசையும் தண்டவாளங்களில் திறந்திருக்கும் அலகை உரசுகிறது. இந்த உரசல் அனலொக்கில் ஒரு சிமிட்டலோடு போய்விடும், டிஜிட்டல் பூஸ்டரோ அதைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடும். உலோக முனையைத் தனிமைப்படுத்தி, பொயின்ற்றை இழுக்கும் ஆளியின் வழியே அதற்கு மின்சாரம் கொடுப்பதே நிரந்தரத் தீர்வு.

வளைந்து திரும்பி, வந்த பாதையையே எதிர்முகமாகச் சேரும் வளையத்திலும் குறுஞ்சுற்று உறுதி. அனலொக்கில் அந்த வளையத்தை இருபுறமும் துண்டித்து, முனைமாற்றும் ஆளி வைத்து, எஞ்சின் உள்ளே இருக்கும்போது பிரதான பாதையின் முனைகளை மாற்றவேண்டும். டிஜிட்டலில் தானியங்கி முனைமாற்றி ஒன்று அதைக் கண்ணிமைக்கும் முன் செய்துவிடும், எஞ்சினும் நிற்காது; ஏனெனில் திசை டீகோடருக்குள் இருக்கிறது, தண்டவாளத்தில் இல்லை. துண்டித்த பகுதி மிக நீண்ட புகையிரதத்தைவிட நீளமாக இருக்கவேண்டும். இந்த ஒன்றுக்காகவே டிஜிட்டலுக்கு மாறலாம் என்பது என் கருத்து.

மின்சாரம் வந்ததும் எஞ்சின் தறிகெட்டு ஓடுகிறது

கரண்ட் போய்த் திரும்பும்போது, அல்லது குறுஞ்சுற்றுக்குப் பின் பூஸ்டர் மீளும்போது, யாரும் தொடாமலே எஞ்சின் முழு வேகத்தில் பாய்வதுண்டு. டீகோடர் முதற்கணத்தில் டிஜிட்டல் கட்டளையைக் காணாமல், தான் அனலொக் பாதையில் நிற்பதாக எண்ணி, தண்டவாளத்தில் உள்ள வோல்ற்றளவு முழுவதையும் மோட்டருக்குக் கொடுத்துவிடுகிறது. 29ஆம் சீ.வீ.யில் உள்ள எண் பல அமைப்புகளின் கூட்டுத்தொகை; அதில் அனலொக் ஓட்டத்துக்கான பங்கு 4. அங்குள்ள எண் 6 ஆயின் 2 என்றும், நீண்ட முகவரியோடு 38 ஆயின் 34 என்றும் எழுதினால் இந்தப் பாய்ச்சல் நின்றுவிடும். அதன்பின் அந்த எஞ்சின் நண்பரின் அனலொக் பாதையில் ஓடாது. அங்கே கொண்டுபோய் டீகோடர் செத்துவிட்டது என்று துக்கம் கொண்டாடவேண்டாம். அனலொக் ஓட்டம் அனுமதிக்கப்பட்டிருந்தாலும், டீகோடர் விழித்தெழச் சில வோல்ற்று வேண்டியிருப்பதால், கைப்பிடியைப் பாதியளவு திருப்பிய பின்பே அது புறப்படும்.

டீகோடர் இல்லாத எஞ்சின் டிஜிட்டல் பாதையில் ரீங்கரிக்கிறது

உடனே எடுத்துவிடுங்கள். முனைகள் மாறிக்கொண்டேயிருப்பதால் அது நகர்வதில்லை, ஆனால் மோட்டர் முழு வோல்ற்றளவையும் வாங்கிச் சூடாகிறது. சில தொகுதிகள் 0 என்ற முகவரியில், 0களின் ஒரு பாதியை நீட்டி, இத்தகைய எஞ்சினை ஓட்ட இடமளிக்கின்றன. ஓடும்போதைவிட நிற்கும்போதே சூடு அதிகம். இரும்பு அகணி இல்லாத நுண்மோட்டர் கொண்டவற்றை அதிலும் வைக்கக்கூடாது.

டீகோடரைப் படிக்க முடியவில்லை என்று கொன்றோலர் சொல்கிறது

டீகோடருக்கு வாய் இல்லை. கேட்ட கேள்விக்கு ஆம் என்று சொல்ல, அது மோட்டரை 6 மில்லிசெக்கன் இயக்கி, மின்னோட்டத்தைக் குறைந்தது 60 மில்லிஅம்பியரால் கூட்டிக் காட்டுகிறது. மோட்டரின் வயர் கழன்றிருந்தாலோ, சக்கரம் அழுக்காயிருந்தாலோ, மின்சாரம் அறும்போது தாங்குவதற்கென்று பூட்டிய பெரிய கொள்ளளவி குறுக்கிட்டாலோ அந்தத் துடிப்புக் கொன்றோலருக்குத் தெரியாது. படிக்க முடியாவிட்டாலும் எழுத முடிவதுண்டு. முகவரி 3 என்று எழுதிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

வேகம் கூட்டும்போது விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது

டீகோடர் 14 வேகப் படிகளிலும் கொன்றோலர் 28 படிகளிலும் இருக்கின்றன. 29ஆம் சீ.வீ.யில் 2ஐக் கூட்டுங்கள். எஞ்சின் எதிர்த்திசையில் போனால் அதே சீ.வீ.யில் 1ஐக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அனலொக்கில் எஞ்சினைத் தூக்கித் திருப்பி வைத்தாலும் அதே பக்கம்தான் போகும், டிஜிட்டலில் அதன் முகம் எங்கேயோ அங்கே போகும்.

பழைய எஞ்சினில் டீகோடர் பூட்டியதும் புகை

அனலொக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் மோட்டரின் ஒரு கரித்துண்டு உலோக அடிச்சட்டத்தின் வழியே நேராகத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். டீகோடரின் மோட்டர் வயர் அப்படித் தண்டவாளத்தைத் தொட்டால், அடுத்த கணமே அதன் ஆயுள் முடிந்துவிடும். பூட்டுமுன் மோட்டரைச் சட்டத்திலிருந்து பிரித்து, அதன் இரு முனைகளில் ஒவ்வொன்றையும் இரு பக்கச் சக்கரங்களோடும் சட்டத்தோடும் மல்ரிமீற்றரால் தனித்தனியே அளவிடுங்கள். எங்கும் தொடர்ச்சி காட்டக்கூடாது. மேலுடலைப் பூட்டி இறுக்கிய பின்பும் ஒருமுறை அளவிடுங்கள், ஏனெனில் திருகாணி இறுகும்போது மோட்டரின் முனை சட்டத்தில் போய் ஒட்டுவதை மேலுடலை மூடிய பிறகு கண்ணால் பார்க்க முடியாது.